முதல் வகுப்பில் மாணவர்களிடம் எதை, எவ்வளவு, எப்படிச் சொல்வது?

புது_லெக்சரர் | 6 ஜூலை 2024, இரவு 9.12

அண்ணா பல்கலை இணைப்புக் கல்லூரி. சிவில் மூன்றாம் செமஸ்டர், இன்ஜினியரிங் மெக்கானிக்ஸ், 60 பேர். "ஒழுங்கா கிளாசுக்கு வரணும், அசைன்மென்ட்டை நேரத்துக்குத் தரணும், கவனமாப் படிக்கணும்" என்று முதல் நாள் சொல்லிவிட்டால் போதும் என்கிறார்கள் துறையில். இதைச் சொல்லாத ஆசிரியர் கிடையாது, கேட்காத மாணவரும் கிடையாது. ஆனாலும் முதல் டெஸ்ட் பேப்பர் கைக்கு வந்ததும் "இப்படித் திருத்துவீங்கன்னு சொல்லவே இல்லையே" என்ற பேச்சு எல்லா வகுப்பிலும் எழுகிறது. எதைச் சொன்னால் அது எழாது? அச்சடித்துக் கொடுப்பதா, வாயால் சொன்னால் போதுமா?

சிவில்_சார் | 6 ஜூலை, இரவு 10.40

"ஒழுங்கா", "நேரத்துக்கு", "கவனமா" மூன்றையும் எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு மாணவரும் அவற்றுக்குத் தன் வசதிக்கு ஏற்ற பொருளை வைத்துக்கொள்வார். ஓர் எதிர்பார்ப்பு முழுமையாக இருக்க நான்கு விஷயம் வேண்டும்: என்ன செய்யணும், எவ்வளவு, எப்போதைக்குள், செய்யாவிட்டால் என்ன ஆகும். "அசைன்மென்ட் 1: ஐந்து கணக்கு, ஏ4 தாளில் கையெழுத்தில், ஆகஸ்ட் 12 திங்கள் முதல் பீரியட் தொடக்கத்தில் என் மேசையில். ஒரு நாள் தாமதத்துக்கு 40-இல் 4 குறையும், மூன்று நாளுக்குப் பிறகு வாங்கமாட்டேன்." இதில் யாருக்கும் சந்தேகம் வராது.

அடுத்தது மதிப்பெண் கணக்கு. மாணவர்களுக்கு "இன்டர்னல் 40" என்று தெரியும், அது எப்படி உருவாகிறது என்று தெரியாது. அண்ணா பல்கலையின் 2021 ரெகுலேஷனில் (பாடத்திட்ட, தேர்வு விதிகளில்) தியரி பாடத்துக்கு இரண்டு அசெஸ்மென்ட். ஒவ்வொன்றும் 100: எழுத்துத் தேர்வு 60, அசைன்மென்ட் அல்லது செமினார் அல்லது மினி பிராஜெக்ட் 40. இரண்டும் சேர்ந்து 200, அதை 40-ஆகச் சுருக்குகிறோம். அப்படியானால் ஒரு அசைன்மென்ட்டைத் தராமல் விட்டால் போவது இறுதி நூறில் 8 மதிப்பெண். பெரும்பாலான பிள்ளைகள் அது ஒன்றோ இரண்டோ என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த 8-ஐப் போர்டில் எழுதிக் காட்டுங்கள். பத்து நிமிட அறிவுரையை விட அதற்கு மதிப்பு அதிகம்.

சிவில்_சார் | 6 ஜூலை, இரவு 11.02

மேலே விட்டுப்போனது. பாஸ் கணக்கையும் அதே போர்டிலேயே போடுங்கள். செமஸ்டர் தேர்வில் குறைந்தது 45 சதவீதம், மொத்தத்தில் 50. தேர்வில் 100-க்கு எடுத்த மதிப்பெண் 60-க்குச் சுருங்கும்.

இன்டர்னல் 12 என்றால் தேர்வில் 64 வேண்டும்.
இன்டர்னல் 20 என்றால் 50.
இன்டர்னல் 23 அல்லது அதற்கு மேல் என்றால் 45 போதும். 45 எடுத்தால் கிடைப்பது 27, 27-உம் 23-உம் ஐம்பது.
இன்டர்னல் 36 இருந்தாலும் தேர்வில் 44 எடுத்தால் அரியர்தான்.

கடைசி வரியை இரண்டு முறை சொல்ல வேண்டும். "இன்டர்னல் முழுசா இருக்கு, பாஸ் ஆயிடலாம்" என்று நம்பி உட்கார்ந்திருப்பவர்கள் எல்லா வகுப்பிலும் உண்டு.

காமர்ஸ்_மேடம் | 7 ஜூலை, காலை 7.25

கலை அறிவியல் கல்லூரிக்காரர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். சென்னைப் பல்கலை இணைப்பில் பட்டப்படிப்புக்கு 25-75 முறை, அதாவது இன்டர்னல் 25, வெளித்தேர்வு 75. வெளித்தேர்வில் 75-க்கு 30, மொத்தத்தில் 40. சரியாக 30 எடுத்தவருக்கு இன்டர்னலில் 10 தேவை. தன்னாட்சிக் கல்லூரிகளில் விகிதமே வேறாக இருக்கலாம். உங்கள் கல்லூரி ரெகுலேஷனைத் திறந்து பார்த்து எண்ணை எடுங்கள். சக ஆசிரியர் வாய்வழியாகச் சொன்னதை வகுப்பில் ஒப்பிக்காதீர்கள். பழைய ரெகுலேஷன் எண்கள் பல துறைகளில் இன்னும் பேச்சில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இன்னொன்று. சார் சொன்ன நேரக்கெடு ஷிப்ட் கல்லூரிக்கு நன்றாகப் பொருந்தும், வகுப்புத் தொடக்கத்தில் வாங்குவதால். மாலை 4 மணிக்குள், இரவு 11.59-க்குள் என்று வைப்பவர்களுக்குச் சொல்கிறேன்: முதல் ஷிப்ட் பிள்ளைகளில் நிறையப் பேர் மதியத்துக்கு மேல் கடையிலோ டெலிவரியிலோ வேலை பார்க்கிறார்கள். வேலை முடிந்து வந்து 11.50-க்கு ஃபோனில் மங்கலாக நான்கு படம் எடுத்து அனுப்புவார்கள். அப்புறம் நாம்தான் அதைப் படிக்க முடியாமல் திண்டாட வேண்டும்.

லேப்_இன்சார்ஜ் | 7 ஜூலை, காலை 11.48

லேப் பற்றி யாரும் பேசவில்லை. லேப் பாடத்தில் விகிதம் தலைகீழ்: இன்டர்னல் 60, இறுதித் தேர்வு 40. அதனால் முதல் லேப் வகுப்பில் பரிசோதனை வைக்காமல், எதிர்பார்ப்பை நடத்திக் காட்டுங்கள். அப்சர்வேஷன் நோட்டில் ஒரு பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு மாதிரிப் பக்கத்தைப் பிரதி எடுத்துக் கொடுங்கள். நோக்கம், சூத்திரம், காலி அட்டவணை மூன்றும் லேபுக்குள் நுழையும் முன்பே எழுதியிருக்க வேண்டும். ரீடிங் பேனாவில்தான், பென்சிலில் அல்ல. தவறான ரீடிங்கை ஒரே கோட்டால் அடித்துப் பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும், ஒயிட்னர் கூடாது. கையெழுத்து வாங்காமல் வெளியே போனால் அந்த ரீடிங் செல்லாது. ரெகார்ட் அடுத்த லேப் வகுப்பில் வர வேண்டும். செமஸ்டர் முடிவில் பத்து ரெகார்டை ஒரே இரவில் எழுதும் பழக்கம் மாணவர் சோம்பலால் மட்டும் வருவதல்ல. வாராவாரம் வாங்கித் திருத்தாத ஆசிரியரும் அதற்குக் காரணம்.

புது_லெக்சரர் | 7 ஜூலை, இரவு 8.30

போர்டில் போடும் கணக்கு புரிந்தது. வருகைப் பதிவையும் அதே மாதிரி எண்ணாகச் சொல்லலாமா? 45 பீரியட், 75 சதவீதம் என்றால் 34. ஆக 11 பீரியட் வராமல் இருக்கலாம் என்றா?

தேர்வுப்பிரிவு | 8 ஜூலை, காலை 6.55

அப்படிச் சொல்ல வேண்டாம். இரண்டு காரணம்.

இணைப்புக் கல்லூரிகளில் 75 என்பது செமஸ்டரின் மொத்த வருகைக்கு, ஒரு பாடத்துக்கு அல்ல. பாடவாரியாகக் கணக்கிடும் தன்னாட்சிக் கல்லூரிகளும் இருக்கின்றன, அங்கே உங்கள் 34 பொருந்தும். 65-க்கு மேல் 75-க்குள் இருப்பவர்களுக்கு மருத்துவம், விளையாட்டு போன்ற காரணங்களுக்குச் சான்றோடு விலக்கு கிடைக்கலாம். 65-க்குக் கீழே போனால் தேர்வு எழுத முடியாது, அந்த செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டும்.

இரண்டாவது காரணம்தான் முக்கியம். "11 விடலாம்" என்று சொன்ன மறுநாளே அது விடுப்புக் கணக்காகிவிடும். அதற்குப் பதில் ஓடி (ஆன் டூட்டி, அனுமதியோடு வெளி நிகழ்ச்சிக்குப் போனதை வருகையாகக் கணக்கிடுவது) பற்றித் தெளிவாகச் சொல்லுங்கள்: சிம்போசியம், என்எஸ்எஸ் முகாம், விளையாட்டு என்றால் போகும் முன்பே படிவத்தில் ஹெச்ஓடி (துறைத்தலைவர்) கையெழுத்து வேண்டும். போய்விட்டு வந்து வாங்கும் ஓடிதான் செமஸ்டர் கடைசியில் எல்லாத் தகராறுக்கும் மூலம். மருத்துவச் சான்றும் அப்படியே, திரும்பி வந்த வாரத்திலேயே தர வேண்டும். மே மாதத்தில் கொண்டுவரும் டிசம்பர் சான்றிதழை யாராலும் ஏற்க முடியாது.

சிவில்_சார் | 8 ஜூலை, இரவு 9.50

ஓடி பற்றிச் சொன்னது மிகச் சரி. அதோடு, ஓடியில் போனவர் அன்று நடந்த டெஸ்டை எப்போது எழுதுவார் என்பதையும் முன்பே சொல்லிவிட வேண்டும். "திரும்பிய நாளிலிருந்து ஐந்து வேலை நாளுக்குள், வேறு வினாத்தாள்." இது எழுத்தில் இல்லாவிட்டால் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேரம் பேச வேண்டிவரும். பேசத் தெரிந்தவன் பிழைப்பான், கூச்சப்படுகிறவள் பூஜ்ஜியம் வாங்குவாள்.

இப்போது மூலக் கேள்விக்கு வருகிறேன். "இப்படித் திருத்துவீங்கன்னு சொல்லவே இல்லையே" என்ற பேச்சு நிற்க வேண்டுமானால், திருத்திக் காட்ட வேண்டும். விதிமுறை எத்தனை பக்கம் எழுதினாலும் அது நடக்காது. இன்ஜினியரிங் மெக்கானிக்ஸிலேயே ஒரு 13 மதிப்பெண் கணக்கை எடுங்கள்.

6 மீட்டர் பீம், இரு முனையிலும் தாங்கி. இடது பக்கம் ஏ, வலது பக்கம் பி. இடது 3 மீட்டருக்கு மீட்டருக்கு 20 கிலோநியூட்டன் வீதம் பரவிய சுமை. இடது முனையிலிருந்து 4.5 மீட்டரில் 30 கிலோநியூட்டன் புள்ளிச்சுமை. ரியாக்‌ஷன் (தாங்கிகள் தரும் எதிர்விசை) காண்க.

பரவிய சுமை மொத்தம் 60, அது 1.5 மீட்டரில் செயல்படும். ஏ-வைச் சுற்றித் திருப்புத்திறன் எடுத்தால் பி-யில் எதிர்விசை ஆர்பி = (60×1.5 + 30×4.5) ÷ 6 = 37.5. மொத்தச் சுமை 90, ஆகவே ஆர்ஏ = 52.5.

மாணவர் செய்யும் வழக்கமான தவறு, 60-ஐ முழு பீமின் நடுவில், அதாவது 3 மீட்டரில் வைப்பது. அப்போது ஆர்பி 52.5, ஆர்ஏ 37.5 என்று வரும். எண்கள் அதே எண்கள், இடம் மாறிவிட்டன. கூட்டினால் 90 வரும். பி-யைச் சுற்றிச் சரிபார்த்தாலும், அதே தவறான தூரத்தைப் போட்டிருந்தால் பொருந்திவிடும். "ஆன்சர் வந்துடுச்சே சார், ஏன் மார்க் குறைச்சீங்க" என்ற சண்டை இங்கேதான் பிறக்கிறது.

எனவே மதிப்பெண் பிரிப்பை வினாவோடு சேர்த்தே காட்டுங்கள்: ஃப்ரீ பாடி டயகிராம் (பீமைத் தனியாக வரைந்து அதன் மேல் செயல்படும் விசைகளைக் காட்டும் படம்), எல்லா விசையும் தூரமும் குறித்து 4. சமநிலைச் சமன்பாடுகள் 3. இரண்டு ரியாக்‌ஷனும் அலகோடு 4. விடை நியாயமானதா என்று ஒரு வரி 2. "சுமை பெரும்பாலும் இடப்பக்கம், அதனால் ஆர்ஏ அதிகமாக இருக்க வேண்டும்" என்று எழுதினால் அந்த 2 கிடைக்கும், தவறு செய்தவர் அந்த வரியை எழுதும்போதே தன் தவறைக் கண்டுபிடித்துவிடுவார். படத்துக்கு ஏன் நான்கு என்பதற்கும் விளக்கம் இதுவே: தவறு வெளியே தெரிகிற ஒரே இடம் படம்.

பிறகு பெயர் இல்லாத இரண்டு மாதிரி விடையை, ஒன்று சரி, ஒன்று இந்தத் தவறோடு, பிரதி எடுத்துக் கொடுத்து அவர்களையே திருத்தச் சொல்லுங்கள். இருபது நிமிடம் போதும். சொந்த விடையைத் திருத்தச் சொல்லாதீர்கள், முதல் வாரத்தில் கூச்சம் அதிகம்.

காமர்ஸ்_மேடம் | 9 ஜூலை, காலை 6.40

இருபது நிமிடம் போதாது. பார்த்து, திருத்தி, பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிட்டு, ஏன் வேறுபாடு என்று பேச முழு பீரியட் வேண்டும். அதை ஒதுக்குங்கள், வீண் இல்லை.

கணிதம்_துறை | 9 ஜூலை, மாலை 5.15

எனக்கு முழு உடன்பாடு இல்லை. முதல் பீரியடில் மதிப்பெண், தண்டனை, தேதி, படிவம் என்று தொடங்கினால் பாடம் என்பதே மதிப்பெண் விவகாரம் என்ற எண்ணம் முதல் நாளே விழுந்துவிடும். முதல் வகுப்பில் பாடத்தை எடுங்கள். நல்ல கேள்வி ஒன்றைப் போட்டு நாற்பது நிமிடம் யோசிக்க வையுங்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் தாளைக் கொடுத்து "வீட்டில் படித்து வாருங்கள்" என்றால் போதும். இரண்டாம் வகுப்பில் அதிலிருந்து ஐந்து கேள்வி, மதிப்பெண் இல்லாத சிறு வினாடி வினா. "செவ்வாய்க்கிழமை காய்ச்சல், டெஸ்டுக்கு வரவில்லை, என்ன செய்வீர்கள்?", "அசைன்மென்ட்டை இரண்டு நாள் தாமதமாகத் தந்தால் எவ்வளவு குறையும்?" இப்படி. வாசித்துக் காட்டினால் தூங்குவார்கள், பதில் தேட வைத்தால் தாளைத் திறப்பார்கள்.

சிவில்_சார் | 9 ஜூலை, இரவு 10.10

கணிதம் சார் சொன்ன வரிசை என்னுடையதை விட நல்லது. மதிப்பெண் கணக்கு இரண்டாம் வகுப்பிலும், திருத்தும் பயிற்சி மூன்றாம் வகுப்பிலும் போகட்டும். முதல் வகுப்பு பாடத்துக்கு.

தமிழ்வழி_பிள்ளைகள் | 11 ஜூலை, இரவு 9.05

ஒரு முக்கியமான விஷயம் இன்னும் வரவில்லை. அரசுப் பள்ளியிலிருந்து 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் வருகிறவர்கள், தமிழ்வழியில் படித்தவர்கள், குடும்பத்தில் முதல் பட்டதாரிகள், எல்லோரும் உங்கள் 60 பேரில் இருப்பார்கள். ஆங்கிலத்தில் வேகமாகச் சொன்ன விதிமுறை அவர்களை எட்டவே எட்டாது. தலையை ஆட்டுவார்கள், கேட்கமாட்டார்கள்.

தாளைத் தமிழிலும் கொடுங்கள், ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் தமிழ். "சந்தேகத்தைத் தமிழில் கேட்கலாம், விடை ஆங்கிலத்தில் எழுத வேண்டும்" என்று ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும். 2010 முதல் தமிழ்வழி சிவில், மெக்கானிக்கல் நடக்கும் கல்லூரிகளில் இரண்டாம் பாதி பொருந்தாது.

"சந்தேகம் இருந்தா வந்து கேளுங்க" என்பதும் அவர்களுக்குப் போதாது. ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பிப் போகிற பிள்ளைகள் உண்டு. இடம், கிழமை, நேரம் சொல்லுங்கள்: "செவ்வாய், வியாழன், 3.20 முதல் 4.00, இரண்டாம் மாடி ஸ்டாஃப் ரூம், ஜன்னல் பக்கத்து மேசை. இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து வரலாம். கணக்கில் எந்த வரி வரை வந்தது என்று நோட்டைக் கொண்டுவாருங்கள்." சேர்ந்து வரலாம் என்ற வரி குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்குப் பெரிய உதவி.

லேப்_இன்சார்ஜ் | 12 ஜூலை, காலை 10.20

இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்: டிப்ளமோ முடித்து லேட்டரல் என்ட்ரியில் வருகிறவர்கள் மூன்றாம் செமஸ்டரில்தான் நுழைகிறார்கள், பலர் வகுப்பு தொடங்கிச் சில வாரம் கழித்து. நீங்கள் முதல் நாள் சொன்ன எதுவும் அவர்களுக்குக் கிடையாது. சேர்கிற அன்றே தாளைக் கொடுத்து, பழைய மாணவர் ஒருவரை பக்கத்தில் உட்கார வைத்து அந்தத் திருத்தும் பயிற்சியைச் செய்ய வையுங்கள். முதல் அசைன்மென்ட்டுக்கு அவர்களுக்கு வேறு தேதி கொடுப்பது சலுகை அல்ல, நியாயம்.

புது_லெக்சரர் | 12 ஜூலை, இரவு 9.40

காப்பி அடிப்பதை எப்படிச் சொல்வது? அசைன்மென்ட்டை ஒருவர் செய்ய, ஐம்பது பேர் பார்த்து எழுதுவது. இப்போது சாட்ஜிபிடியும் இருக்கிறது.

சிவில்_சார் | 12 ஜூலை, இரவு 11.15

"காப்பி அடிக்கக் கூடாது" என்பதும் "ஒழுங்கா" வகையறாதான். காப்பி அடித்துப் பயன் இல்லாத கணக்கைக் கொடுத்துவிடுங்கள். மேலே சொன்ன பீமையே எடுப்போம். பீம் நீளம் = 4 + 0.5 × பதிவெண்ணின் கடைசி இலக்கம், மீட்டரில். பரவிய சுமை இடது பாதி முழுக்க, மீட்டருக்கு 20. புள்ளிச்சுமை = 20 + கடைசிக்கு முந்தைய இலக்கம், கிலோநியூட்டனில், இடமிருந்து முக்கால் நீளத்தில். பதிவெண் 36-இல் முடிந்தால் நீளம் 7, சுமை 23. ஆர்பி 34.75, ஆர்ஏ 58.25.

திருத்துவது எளிது. ஆர்பி = (10 × நீளம் + 3 × புள்ளிச்சுமை) ÷ 4. எக்செல்லில் ஒரு பத்தியில் போட்டால் 60 பேருக்கும் விடை வந்துவிடும். தொடர் பதிவெண் என்பதால் யாருக்கும் ஒரே கணக்கு வராது. லேட்டரல் என்ட்ரி எண்கள் வேறு வரிசையில் ஓடும், அவற்றை மட்டும் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இப்போது அனுமதி எது என்று சொல்லலாம்: "முறையை நண்பரிடம் கேட்கலாம், சேர்ந்து உட்கார்ந்து போடலாம். சாட்ஜிபிடியிடம் விளக்கம் கேட்கலாம், கேட்டிருந்தால் கடைசியில் ஒரு வரி குறிப்பிட வேண்டும். எழுதியதில் எந்த வரியை நான் கேட்டாலும் போர்டில் விளக்க வேண்டும். விளக்க முடியாவிட்டால் அந்தக் கணக்குக்கு மதிப்பெண் இல்லை." வாரம் ஐந்து பேரைக் கேட்டால் போதும். ஆனால் முதல் அசைன்மென்ட்டிலேயே கேட்க வேண்டும். முதல் முறை விட்டுவிட்ட விதி அந்த செமஸ்டர் முழுக்க இல்லாத விதி.

மூத்த_பேராசிரியை | 14 ஜூலை, காலை 8.00

எல்லாம் மாணவர் செய்ய வேண்டியதாகவே போகிறது. தாளின் இன்னொரு பாதி நாம் செய்ய வேண்டியது. டெஸ்ட் பேப்பர் ஏழு நாளுக்குள் திரும்பக் கிடைக்கும். திருத்தியதில் சந்தேகம் இருந்தால் மூன்று நாளுக்குள் பேப்பரோடு வரலாம், அதற்காக மதிப்பெண் குறையாது. பீரியட் தொடங்கும் நேரத்துக்கு நான் வகுப்பில் இருப்பேன். வாட்ஸ்அப் கேள்விக்கு மாலை 6 முதல் 8-க்குள் பதில் வரும், ஞாயிறு கிடையாது. டெஸ்ட் தேதி மாறினால் ஐந்து நாள் முன்பே சொல்வேன். நாம் தவறினால் பிள்ளைகள் கேட்கலாம் என்ற உரிமை அதில் எழுத்தாக இருக்க வேண்டும்.

இன்டர்னலை வைத்து மிரட்டும் வழக்கம் பற்றி யாராவது பேச வேண்டும், நானே பேசுகிறேன். "பின்னாடி பேசுறவனுக்கு இன்டர்னல்ல பார்த்துக்கறேன்" என்ற ஒரு வாக்கியம் இவ்வளவு பாடுபட்டு எழுதிய தாளை மொத்தமாக அழித்துவிடும். 200 எப்படி 40 ஆகிறது என்று போர்டில் போட்டுக் காட்டிய ஆசிரியர், அந்தக் கணக்கில் இல்லாத எதற்காகவும் அந்த 40-இல் கை வைக்கக் கூடாது. ஒழுக்கப் பிரச்சினைக்கு ஃபாகல்டி அட்வைசர் இருக்கிறார், ஹெச்ஓடி இருக்கிறார். மதிப்பெண் கற்றலுக்கானது. பிள்ளைகள் நம்மை நம்புவதும் நம்பாததும் இதில்தான்.

தேர்வுப்பிரிவு | 14 ஜூலை, காலை 9.30

மேடம் சொன்னதற்கு விதியிலேயே இடம் இருக்கிறது. கிளாஸ் கமிட்டியின் (ஆசிரியர்களும் மாணவப் பிரதிநிதிகளும் உள்ள வகுப்புக் குழுவின்) முதல் கூட்டத்தில் அசெஸ்மென்ட்டின் தன்மையையும் விகிதத்தையும் மாணவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். உங்கள் தாளை அங்கே வைத்து மினிட்ஸில் (கூட்டக் குறிப்பில்) ஏற்றிவிடுங்கள். இரண்டு செக்‌ஷனுக்கு இரண்டு ஆசிரியர் என்றால் தாமத விதி, மறுதேர்வு விதி இரண்டையும் அதற்கு முன்பே பேசி ஒன்றாக்குங்கள். "பி செக்‌ஷன்ல வாங்கிக்கிட்டாங்களே" என்பதற்குப் பதில் கிடையாது.

புது_லெக்சரர் | 3 ஆகஸ்ட் 2024, இரவு 8.15

தாள் தயார். தமிழ்ப் பக்கத்தின் முக்கிய வரிகள், பார்த்துச் சொல்லுங்கள்:

"அசைன்மென்ட் 1, ஆகஸ்ட் 19 திங்கள், முதல் பீரியட் தொடக்கம். டெஸ்ட் 1, செப்டம்பர் 4. அசைன்மென்ட் 40 + டெஸ்ட் 60. இரண்டு முறை, மொத்தம் 200, அது 40 ஆகும். தாமதம்: நாளுக்கு 4 குறையும், மூன்று நாள் வரை. டெஸ்டைத் தவறவிட்டால்: ஓடி அல்லது மருத்துவச் சான்று, ஐந்து வேலை நாளுக்குள் மறுதேர்வு. சந்தேகம்: செவ்வாய், வியாழன் 3.20–4.00. பேப்பர் ஏழு நாளில் கிடைக்கும். விரைவில் மாதிரி விடை தரப்படும்."

காமர்ஸ்_மேடம் | 3 ஆகஸ்ட், இரவு 9.00

"விரைவில்" என்பதை அடித்துவிட்டுத் தேதி போடுங்கள். அசைன்மென்ட்டுக்கு முந்தைய திங்கள், ஆகஸ்ட் 12 சரியாக இருக்கும்.

தமிழ்வழி_பிள்ளைகள் | 3 ஆகஸ்ட், இரவு 9.20

எழுத்து அளவு 12-க்குக் குறையாமல் அச்சடியுங்கள். பதிவெண் எழுதிக் கிழித்துத் தர அடியில் ஒரு துண்டு விடுங்கள், அதில் "இந்தப் பாடத்தில் எனக்குக் கஷ்டமாக இருக்கும் என்று நினைப்பது" என்று ஒரு வரி. பிளஸ் டூ இயற்பியலில் வெக்டரே சரியாக நடக்கவில்லை என்று சிலர் எழுதுவார்கள். அவர்களுக்கு விசையைக் கூறுகளாகப் பிரிப்பதை முதல் யூனிட்டுக்கு முன் ஒரு பீரியட் தனியாக எடுக்க வேண்டும்.

சிவில்_சார் | 4 ஆகஸ்ட், காலை 6.30

செப்டம்பர் 4 புதன். அந்த சனி விநாயகர் சதுர்த்தி, பலர் ஊருக்குப் போய்விட்டு அடுத்த வார நடுவில்தான் வருவார்கள். நான்காம் தேதி டெஸ்ட் என்றால் ஏழு நாள் பதினொன்றாம் தேதி முடிகிறது. பேப்பரை ஒன்பது, பத்தில் கொடுத்தால் பாதிப் பேர் வகுப்பில் இருக்கமாட்டார்கள். பதினொன்றாம் தேதி என்றே தாளில் எழுதிவிடுங்கள், மூன்று நாள் சந்தேக அவகாசத்தை அன்றிலிருந்து எண்ணுங்கள்.